உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு வரும் சோலார் பணம்

★ மாடி நிறையச் சோலார் பேனல் வைத்திருக்கும் வீட்டிலும், தெருவில் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். மின்வாரியக் கம்பியோடு இணைத்த ‘ஆன்-கிரிட்’ இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த கணமே தானாக அணைந்துவிடும். காரணம், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன். நம் மாடியிலிருந்து கிளம்பும் மின்சாரம் அவர் மேல் பாய்ந்துவிடக் கூடாது. புயல் நாளிலும் விளக்கு எரிய வேண்டுமானால் ‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மத்திய அரசு மானியமோ பேனல் எத்தனை கிலோவாட் என்ற கணக்கில் வருகிறது. பேட்டரிக்கென்று தனித்தொகை கிடையாது. அதாவது, இது கரண்ட் பில்லைக் குறைக்கிற திட்டம். பேரிடரைத் தாங்கும் ஏற்பாட்டை நம் செலவில்தான் செய்துகொள்ள வேண்டும். பேனல் விற்க வருகிறவர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

★ அந்த மானியம் எவ்வளவு? பிரதமரின் ‘சூர்யா கர்’ திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. மொத்தச் செலவு 75,021 கோடி ரூபாய், இலக்கு 1 கோடி வீடுகள். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். ஆக மொத்தம் 78,000. பத்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேனல் ஏறி, மீட்டர் பொருத்தி, அதிகாரிகள் பார்த்துச் சரி சொன்ன பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் கைக்காசையோ வங்கிக் கடனையோ போட்டாக வேண்டும்.

★ அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் இதில் இடமுண்டு. தண்ணீர் மோட்டார், லிஃப்ட், பொது விளக்கு போன்ற பொதுத் தேவைகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் 500 கிலோவாட் வரை.

★ தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு மட்டும். அந்தப் பணத்துக்குக் கிடைத்தவை 5 சிஎஃப்எல் விளக்குகள்! இன்று அதே 30,000 ஒரு கிலோவாட்டுக்கான மானியம். பேனல் விலையும் இதற்கிடையே வெகுவாக இறங்கியிருக்கிறது.

★ மானியத்துக்குக் காத்திராமல் காற்றாலையே வாங்கிய ஊராட்சி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற கரண்ட் பில் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. சூரிய விளக்கு, குடிநீர் இறைக்க மரக்கழிவை எரிவாயுவாக்கும் கருவி என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். கடைசியில் 2006இல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி ரூபாய். சேமிப்பிலிருந்து 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஊரில் அந்த அளவு காற்று இல்லை. அதனால் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நட்டார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கணக்கில் ஏறுகிறது. ஓடந்துறையின் தேவை போக மிஞ்சுவது விற்பனை. கடனுக்கு மாதத் தவணை இருந்தது. எனவே இறக்கை சுழலாமல் நின்றால் மறுநாளே விசாரிக்க ஆள் இருந்தது. இலவசமாக வந்த எத்தனை சூரியத் தெருவிளக்குகளுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது?

★ கம்பியில்லா இடத்தில் டீசல் பம்பை மாற்றிச் சூரிய பம்பு போட ‘பிஎம் குசும்’ திட்டம் உதவுகிறது. பொதுவான பங்கீடு: மத்திய அரசு 30 சதவீதம், மாநிலம் 30, விவசாயி 40. தமிழ்நாட்டில் அணுக வேண்டிய இடம் வேளாண்மைப் பொறியியல் துறை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கிடைக்கும் மாநிலத்தில் 40 சதவீதம் கைக்காசு போட எத்தனை பேர் முன்வருவார்கள் என்பது தனிக்கேள்வி.

★ ‘மாதிரி சூரிய கிராமம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1 கோடி ரூபாய் தருகிறது மத்திய அரசு. மனுப் போட்டு வாங்குகிற பணமல்ல இது, போட்டி. பொதுவாக 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்கள் கலந்துகொள்ளலாம். ஆறு மாதத்தில் எந்த ஊர் அதிகப் புதுப்பிக்கத்தக்க மின்திறனை நிறுவியிருக்கிறதோ, அதற்கே பரிசு. ஏற்கெனவே வசதியுள்ள ஊர்தான் முந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

★ குஜராத்தில் 11ஆம் நூற்றாண்டுச் சூரியன் கோயில் இருக்கும் மோதேராதான், 2022 அக்டோபரில் நாட்டின் முதல் 24 மணி நேரச் சூரிய மின்கிராமமாக அறிவிக்கப்பட்ட ஊர். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து போட்ட பணம் சுமார் 80 கோடி ரூபாய். இரவுக்கும் மின்சாரம் வேண்டுமே, அதற்காகப் பெரிய பேட்டரித் தொகுப்பையும் வைத்தார்கள்.

★ பீகாரின் தர்னை கிராமத்தில் அந்தப் பேட்டரியிலேயே கதை முடிந்தது. 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. டிவி, ஃப்ரிட்ஜ் போடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததும், “எங்களுக்கு நிஜக் கரண்ட் வேண்டும்” என்று முதலமைச்சரிடமே மக்கள் கோரிக்கை வைத்தார்கள். கொஞ்ச நாளில் அரசுக் கம்பி வந்தது, அதுவும் மலிவாக. பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்றுவதற்குக் காசு யார் கையிலும் இல்லை. பிறகு அந்த வளாகம் மாட்டுத்தொழுவமானது.

★ ஸ்காட்லாந்தின் எய்க் தீவு இதற்கு நேர் எதிர். மானியங்களின் துணையோடு 2008இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்துச் சொந்த மின்வலையை அமைத்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. கெட்டிலும் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் அந்த வீட்டுக்கு மட்டும் மின்சாரம் துண்டிக்கப்படும். விதியைப் போட்டதும் அவர்களே என்பதால் முணுமுணுப்பு குறைவு.

★ முதலில் சொன்ன பேரிடர் ஏற்பாட்டுக்கு வருவோம். பேரிடர் வந்தபின் நிவாரணம் தருவதற்கு நம் நாட்டில் நிதி வெகுகாலமாக உண்டு. வருமுன் காப்பதற்கான தணிப்பு நிதியைப் பற்றி 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமே பேசுகிறது. ஆனால் தேசிய அளவில் அது உருவானது 2021இல்! 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு மாநிலப் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்து, அதில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கு ஒதுக்கியது.

★ ‘சூர்யா கர்’ திட்டத்தில் தன் எல்லைக்குள் பேனல் ஏறும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.