தீப்பெட்டிக்குள் ஒரு பூதம்

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். அக்கா மகன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. இதெல்லாம் ஒரு போக்கிமானா?"

திரையில் ஒரு கோன் ஐஸ்கிரீம். அதற்கு இரண்டு கண், ஒரு வாய். பெயர் வெனிலைட். "ஐஸ்கிரீமுக்குக் கண்ணும் வாயும் வரைஞ்சு விட்டா உசுரு வந்துருமா? ஒரு வண்டு மாதிரி, ஒரு பாம்பு மாதிரி இருந்தா நம்பலாம்" என்றான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அவ்வளவு வருத்தம். நான் சிரிக்கவில்லை. அவன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. ஓர் உருவத்தைப் பார்த்ததும் 'இது உயிருள்ளது' என்று மனசு எப்போது ஒப்புக்கொள்கிறது?

போக்கிமான் என்றால் பாக்கெட்டில் அடங்கும் பூதம். காட்டிலும் மேட்டிலும் அலைந்து, விதவிதமான பூதங்களைப் பிடித்துச் சேர்ப்பதுதான் விளையாட்டு. இதை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் குளமும் வயலுமாக இருந்த இடத்தில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கூடப் படித்த பிள்ளைகள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்று கூப்பிட்டார்களாம். அவர் வளர வளர, குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டினார்கள். பூச்சி தேடி அலையும் அந்தச் சந்தோஷம் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று நினைத்தார். கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை ஒயரால் இணைத்திருந்ததைப் பார்த்தபோது, அந்த ஒயர் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து போவது அவர் மனக்கண்ணில் தெரிந்ததாம். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் அந்த விளையாட்டு வெளிவந்தது. மொத்தம் 151 பூதங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த எங்களிடம் கேம்பாய் கிடையாது. தீப்பெட்டி இருந்தது. ஊரே தீப்பெட்டி ஒட்டிய காலம் அது. வீட்டுக்கு வீடு அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, நாலு உடைமரத்து இலையைப் போட்டு, உள்ளே ஒரு பொன்வண்டை விட்டு மூடினால், அதுதான் எங்கள் பாக்கெட் பூதம். டவுசர் பையில் அது பிறாண்டுகிற சத்தம் வகுப்பில் எனக்கு மட்டும் கேட்கும். ஒரு பொன்வண்டுக்குப் பத்துத் தீப்பெட்டிப் படம் என்று மாற்றிக்கொள்வோம். புலிப்படம் என்றால் ஐந்தே போதும்.

அந்தப் பொன்வண்டை ஒருமுறை கிட்டத்தில் பார்க்கவேண்டும். கட்டைவிரல் நீளம் இருக்கும். கழுத்துப்பட்டை மரகதப் பச்சை. ஊசியால் குத்திய மாதிரி பொடிப்பொடிக் குழிகள். முதுகு மூடி சிலதில் செம்பழுப்பு, சிலதில் அதே பச்சை. நேராகப் பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலத்துக்கு ஓடும். இந்தப் பச்சை சாயம் இல்லை. ஓட்டின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு தகட்டின் கனமும் தலைமுடியின் கனத்தில் பல நூறில் ஒரு பங்கு. வெளிச்சம் ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும்போது, பச்சை அலைகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துப் பலம் பெறுகின்றன. மற்ற நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். சாயமாக இருந்தால் வெளுக்கும். இது அமைப்பு என்பதால் வண்டு செத்த பிறகும் நிறம் சாகாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸிலிருந்து பொன்வண்டு இறக்கை தைத்த மஸ்லின் துணி கப்பலேறிப் போனது. ஜப்பானில் 7ஆம் நூற்றாண்டிலேயே, ஹோர்யூஜி கோவிலின் சிறு மாடம் ஒன்றை இதே குடும்பத்து வண்டின் இறக்கைகளால் அலங்கரித்திருக்கிறார்கள். தஜிரியின் நாட்டுக்கும் நம் வண்டுக்கும் உறவு பழசு.

இந்த வண்டை ஓர் ஓவியர் புதிதாக வரைந்து விளையாட்டில் சேர்த்திருந்தால் ரசிகர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? 'ரொம்ப ஓவர்' என்றிருப்பார்கள். இப்படிப் பளபளத்தால் காக்கா கண்ணுக்குத் தப்புமா என்று கேட்டிருப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். 2020இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கரின் கியர்ன்ஸ்மோ குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பொன்வண்டின் தென்கிழக்காசிய உறவுக்கார வண்டு ஒன்றின் இறக்கை மூடிகளை எடுத்து, உள்ளே புழுவை வைத்துச் செடிகளில் பொருத்தினார்கள். ஒரே நிறத்தில் மினுங்காமல் இருந்தவற்றைப் பறவைகள் அதிகம் கொத்தின; நிறம் மாறி மினுங்கியவை அதிகம் தப்பின. மனிதர்களைத் தேடச் சொன்னபோதும் மினுங்குவதைக் கண்டுபிடிக்கத்தான் திணறினார்கள். கோணத்துக்குக் கோணம் நிறம் மாறுவதால் கண்ணுக்கு உருவத்தின் விளிம்பு பிடிபடுவதில்லை. இலையில் வெயில் பட்டுத் தெறிக்கிற இடத்தில் இன்னொரு தெறிப்பு, அவ்வளவுதான். பளபளப்பே அதற்குத் திரை.

சிறுவயதில் ஒவ்வொரு மரமாகத் தேடியும் கிடைக்காத வண்டு, கிளையை உலுக்கியதும் பொத்தென்று காலடியில் விழுந்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மருமகனின் புகாருக்கு வருகிறேன். இது அவனோடு பிறந்ததில்லை. 1999இல் இன்னொரு நூறு பூதங்கள் வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை புதுசு வரும்போதும் 'பழசு மாதிரி இல்லை' என்ற பேச்சும் கூடவே வந்தது. 2010இல் ஐஸ்கிரீமும் குப்பைப் பையும், 2013இல் சாவிக்கொத்தும் பூதங்களாக வந்தபோது ஓவியர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்றார்கள். இன்றைக்கு எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் பழைய 151லேயே கண் வைத்த பந்து ஒன்று உண்டு, காந்தமும் திருகாணியும் சேர்ந்த உருண்டை ஒன்று உண்டு. அவற்றை யாரும் வெறுப்பதில்லை. ஏன்?

ஒரு காரணம் மூளையில் இருக்கிறது. 2019இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி கோமெஸும் மற்றவர்களும், ஐந்து முதல் எட்டு வயதுக்குள் போக்கிமான் விளையாடத் தொடங்கி வளர்ந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பழைய பூதங்களைக் காட்டியதும், பார்வையைக் கையாளும் பகுதியில் ஒரு குறிப்பிட்ட மடிப்பு மட்டும் விழித்துக்கொண்டது. விளையாடாதவர்களுக்கு அப்படி நிகழவில்லை. முகத்தை அடையாளம் காண ஓர் இடம், எழுத்தைப் படிக்க ஓர் இடம் என்று மூளை ஒதுக்குவதுபோல், பிகாச்சு முதலான பூதங்களுக்கும் ஒரு மூலை ஒதுங்கியிருந்தது. சின்ன வயதில் சின்னத் திரையில் மணிக்கணக்காகப் பார்த்ததன் தடம் அது. முப்பது வயதுக்காரர் 'எங்க காலத்துப் பூதம்தான் பூதம்' என்று அடித்துப் பேசும்போது, அந்த மடிப்பும் சேர்ந்து பேசுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்காக எல்லாப் புகாரையும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட மாட்டேன். என் மருமகன் கேட்டது நியாயம். அவன் மொழியில் அவன் கேட்டது இதுதான்: இது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, யாருக்குப் பயப்படுகிறது? இந்த மூன்றுக்கும் உருவத்திலேயே பதில் இருந்தால் மனசு ஒப்புக்கொள்கிறது. இல்லாவிட்டால் வெறும் பொம்மையாகிவிடுகிறது.

மறுநாள் காலையில் அவனைக் காட்டுப்பக்கம் கூட்டிப் போனேன். எங்கள் ஊரில் காடு என்றால் மரம் அடர்ந்த இடமல்ல, மானாவாரிக் கரிசல் நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும் மண். கரிசலின் களிமண் துகள்களுக்குள் தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதனால்தான் வெடிப்பு. மழை விழுந்ததும் வெடிப்பு மூடி, செருப்பைப் பிடித்து இழுக்கும் பசையாகிவிடுகிறது. இந்த மண்ணுக்குள்தான் பொன்வண்டின் புழு வேர்களைத் தின்று வளர்கிறது. மழை கண்டதும் வண்டாகி வெளியே வந்து, சில வாரம் இலை தின்று, முட்டையிட்டு முடிந்துபோகும். நாங்கள் தீப்பெட்டியில் அடைத்தது அந்தச் சில வாரங்களைத்தான் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

ஓடையோரத்து எருக்கஞ்செடியில் ஒரு வெட்டுக்கிளி. மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையாக, பெயிண்ட் அடித்த மாதிரி. அவன் கையை நீட்டினான். அது பறந்து ஓடவில்லை, அசையக்கூட இல்லை. "பயமே இல்லயா மாமா இதுக்கு?" எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆடுகூட வாய் வைக்காத அந்த இலையைத் தின்று, நஞ்சை இது உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது. குஞ்சுப் பருவத்தில் சீண்டினால் முதுகிலிருந்து நஞ்சு நீரைப் பீச்சியும் அடிக்கும். பொன்வண்டின் நிறம் ஒளிவதற்கு. இதன் நிறம் 'தொடாதே' என்று எழுதிய பலகை. கொஞ்சம் தள்ளி ஈரமண்ணில் பட்டுப்பூச்சிகள், சங்கப் புலவர்கள் மூதாய் என்று சொன்ன அதே செந்நிறப் பஞ்சுருண்டை. எட்டுக்கால் என்பதால் அது பூச்சியினமே அல்ல, சிலந்திக்குச் சொந்தம். முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால்தான். வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டிச் சாறு குடித்து வளர்ந்து, பிறகு எட்டுக்காலாகும். இப்படி மாறுவதைப் போக்கிமான் விளையாட்டில் 'பரிணாமம்' என்கிறார்கள். ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் மாறுவது உருமாற்றம். பரிணாமம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. இதை மட்டும் அவனுக்கு அழுத்திச் சொன்னேன்.

2002இல் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் கூட்டாளிகளும் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான்களில் 78 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். அந்த நாட்டு உயிரினங்களில் 53 சதவீதம்தான். இதைச் சொல்லிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர்கள் உண்டு. எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. நூற்றுக்கணக்கான உருவங்களைப் பிரித்தறிந்து பெயர் சொல்லும் ஆசை அந்த வயதில் கொழுந்துவிட்டு எரிகிறது. எதைக் காட்டினாலும் பற்றிக்கொள்ளும். நாம் எதைக் காட்டினோம்?

பூச்சி ஆய்வாளர்களுக்கும் அந்த ஆசை விட்டுப்போவதில்லை. ஆஸ்திரேலியாவின் புதிய வண்டுகள் மூன்றுக்கு ஆர்டிகுனோ, ஜாப்டோஸ், மோல்ட்ரெஸ் என்று போக்கிமான் பறவைகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கதை எனக்கு இன்னும் இனிப்பானது. தரிசில் ஓடும் விசிறித்தொண்டை ஓணானைக் காலங்காலமாக ஒன்றிரண்டு வகை என்றே எண்ணியிருந்தார்கள். 2016இல் தீபக் வீரப்பனும் கூட்டாளிகளும் ஆராய்ந்து பல புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் வாழும் ஒன்றுக்கு, பனையோலை விசிறியை நினைத்து, 'சிட்டானா விசிறி' என்று பெயர். தென்தமிழ்நாட்டின் இன்னொன்றுக்கு 'சிட்டானா மருதம்நெய்தல்'. வயலும் கடற்கரையும் அதன் வீடு என்று பெயரே சொல்லிவிடுகிறது. உருவத்தில் தேடிய பதிலைப் பெயரிலேயே எழுதிவைத்த மாதிரி.

சித்திரையில் மருமகன் மறுபடி வந்தான். உச்சிவெயிலில் தரிசுக்குப் போனோம். ஒரு கல்லின் மேல் மண்நிற ஓணான் ஒன்று, விரல் கனம்தான் இருக்கும். முன்னங்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தியது. தாடைக்குக் கீழே மடங்கிக் கிடந்த தோல் சட்டென்று விரிந்தது. வெளிறிய விசிறி, நடுவே நீலக் கோடு. மடங்கியது. மறுபடி விரிந்தது. எங்கோ இருக்கும் பெட்டைக்கும், எல்லைக்குள் வரப் பார்க்கும் இன்னொரு ஆணுக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் சேதி. அவன் செல்போனை எடுத்தான். படம் எடுப்பான் என்று பார்த்தேன். பெரிதாக்கிப் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நாலு வெரல்தான் இருக்கு."

"ஆமா மாப்ள. இந்த இனத்துக்கே அப்படித்தான்."

"அஞ்சாவத எப்ப தொலைச்சுச்சு?"

அதற்குள் அது பின்னங்கால் இரண்டிலும் எழுந்து, வெடிப்பைத் தாண்டி ஓடிப்போனது. அவனும் பின்னாலேயே ஓடினான்.