கவசச் சுவரின் இடுக்குகள்

அணு உலையைச் சுற்றி எழுந்து நிற்கும் கனத்த சுவரைக் கண்டவர்கள், இத்தனை அடி கான்கிரீட்டைக் கடந்து எந்தக் கதிர் வெளியே வந்துவிடப் போகிறது என்று நிம்மதி கொள்வது இயல்பே. ஆயினும் அச்சுவரை நிர்மாணிப்பவரின் கவலை அதன் கனத்தைக் காட்டிலும் அதிலுள்ள துவாரங்களையும் இடுக்குகளையும் பற்றியதாகவே இருக்கும்.

கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் கான்கிரீட் அவற்றைப் பாதியாக்கும்; அடுத்த 6 சென்டிமீட்டர் அந்தப் பாதியைக் காலாக்கும்; இப்படியே குறைந்துகொண்டு போய், 120 சென்டிமீட்டர், அதாவது சுமார் நான்கடி தாண்டும்போது பத்து லட்சத்தில் ஒரு பங்கே எஞ்சும். ஆனால், சுவர்ப் பரப்பில் பதினாயிரத்தில் ஒரு பங்கே உள்ள நேரான இடுக்கு ஒன்று இப்புறமிருந்து அப்புறம்வரை ஓடுமானால், ஓட்டுக்கூரையின் சந்தில் வெயில் கோடாக இறங்குவதுபோலக் கதிர் தடையின்றி வந்துவிடும். சுவரில் நேராக வந்து விழும் கதிர்களைக் கொண்டு கணக்கிட்டால், முழுச் சுவரும் கசிய விடுவதைப்போல் நூறு மடங்கை அந்த ஒரு கீறல் விட்டுவிடுகிறது.

இடுக்கே இல்லாமல் கட்டிவிடலாகாதா என்றால், ஆகாது. அமெரிக்காவில் கொலம்பியா நதிக்கரையில், ஹான்ஃபோர்டில், 1944-இல் இயங்கத் தொடங்கிய ‘பி’ உலைக்குப் பத்து அங்குல வார்ப்பிரும்பும், அதற்கு வெளியே எஃகுத் தகட்டையும் மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகையையும் மாற்றி மாற்றி அடுக்கிய நான்கடிக் கவசமும் அமைத்தார்கள். எஃகு காமாவைத் தடுக்க, மரநாரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும். இவ்வளவு சிரத்தையோடு அமைத்த கவசத்தையே 2,004 குழாய்கள் துளைத்துச் சென்றன. அவையின்றி யுரேனியத்தை உள்ளே செலுத்தவும் இயலாது, நதிநீரைப் பாய்ச்சி உலையின் வெப்பத்தை அகற்றவும் இயலாது.

ஆகவே, துளையை ஒழிக்க முடியாத இடத்தில் அதன் நேர்மையை ஒழிக்கிறார்கள். அடைப்பான்களைப் படிப்படியாக விட்டம் மாறும்படி கடைகிறார்கள், குழாய்களை வளைக்கிறார்கள், ஓரடுக்கின் இணைப்புக்கு நேரே அடுத்த அடுக்கின் இணைப்பு வராதபடி கற்களை வைக்கிறார்கள். நியூட்ரான்களோ பிடிவாதமானவை, குழாயின் சுவரில் மோதிச் சிதறி மூலை திரும்பியும் வருபவை. ஒரு வளைவு அவற்றைக் குறைக்குமேயன்றி முற்றும் நிறுத்தாது. அதனால்தான் இரண்டு மூன்று வளைவுகளும், நியூட்ரான்களை விழுங்கும் போரானும் தேவைப்படுகின்றன.

வரைபடத்தில் இல்லாத இடுக்குகளே அதிக அபாயமானவை. கான்கிரீட் வார்க்கையில் சரியாக நிரம்பாத பொந்துகளும், உலர்ந்து சுருங்குகையில் குழாயை ஒட்டி விழும் மெல்லிய பிளவுகளும் வெளிப்பார்வைக்குப் புலப்படமாட்டா. எனவே உலையை முதலில் மிகக் குறைந்த சக்தியில் இயக்கி, கதிர்வீச்சு அளவுமானியை ஒவ்வொரு இணைப்பின்மீதும் மெதுவாக நகர்த்திச் சோதிக்க வேண்டும். ஊசிபோல மெலிந்த கற்றை, அதைவிடப் பெரிய அளவுமானியின் முகத்தில் ஒரு மூலையில் மட்டும் விழுந்தால், முள் காட்டுவது முழுமுகத்தின் சராசரியே. உண்மை அதைவிடப் பன்மடங்கு கடுமையாயிருக்கலாம். பொறுமையோடு அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் அந்த ஊழியரின் பணியைச் சலிப்பானதென்று எவரும் எண்ணலாகாது. அவர் குறித்துக்கொடுத்த இடத்தில் காமாவுக்கு ஈயநாரையோ, நியூட்ரானுக்குப் போரான் கலந்த பாலிஎத்திலீனையோ திணித்து அடைத்து, மறுபடியும் அளந்து பார்த்த பின்னரே உலையின் சக்தியை உயர்த்த வேண்டும்.