தொண்டு செய்பவருக்கு யார் தொண்டு செய்வது?

சமூகப்பணி என்றதும் நம் வீடுகளில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "அது புண்ணிய காரியம், அதைச் செய்கிறவருக்குக் களைப்பே தெரியாது" என்பது ஒன்று. "அதெல்லாம் ஒரு வேலையா?" என்பது இன்னொன்று. தலைநகரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தப் படிப்புக்கும் வேலைக்கும் போகிற காலம் இது. ஆகவே இந்த இரண்டு பேச்சும் ஏன் தவறு என்று, வியாபாரியான எனக்குப் படித்தும் பார்த்தும் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நம் நாட்டில் சமூகப்பணி ஒரு முறையான படிப்பானது 1936ல், பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய பள்ளியில். 1946ல் லக்னோவில் தொடங்கிய இன்னொரு பள்ளி, மறு ஆண்டே தில்லிக்கு மாறியது. பிரிவினை அகதிகள் இந்நகரில் வந்து குவிந்த ஆண்டு அது. அன்று முதல் இன்று வரை மருத்துவமனை, சிறுவர் காப்பகம், பெண்கள் பாதுகாப்பு இல்லம், நீதிமன்றம் என்று எங்கெங்கே துன்பம் வந்து சேர்கிறதோ அங்கெல்லாம் இவர்கள் இருக்கிறார்கள். நான் துணியைக் கையாள்வதுபோல் அவர்கள் பிறர் துயரத்தைக் கையாள்கிறார்கள். துணி கையில் ஒட்டாது. துயரம் ஒட்டும்.

எண்ணெய் தீர்ந்த விளக்கு

1974ல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில், பகல் வேலை முடிந்த பிறகு இரவில் தொண்டு செய்தவர் அவர். உடன் உழைத்தவர்களும் தாமும் படிப்படியாகச் சோர்ந்து போவதைப் பார்த்துத்தான் எழுதினார். விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் திரியே எரியத் தொடங்கும் அல்லவா? அந்த நிலைதான் இது.

பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். முதலாவது, மனம் வற்றிப்போதல். காலையில் எழும்போதே அலுப்பு. இரண்டாவது, எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது. காப்பகத்துக் குழந்தைக்குப் பெயர் மறைந்து 'கேஸ் நம்பர்' மட்டும் மிஞ்சும். மூன்றாவது, "நான் செய்து என்ன ஆகப்போகிறது?" என்கிற எண்ணம். இரண்டாவதைத்தான் நாம் "கல்நெஞ்சம்" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது வலி தாங்காத மனம் போட்டுக்கொள்கிற போர்வை.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு, கேட்டவருக்கே கெட்ட கனவும் திடுக்கிடலும் வருவது. இரக்கக் களைப்பு என்று சொல்லலாம். முன்னது மெல்ல மெல்ல வரும். இது சட்டென்றும் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்று 2022ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், 'பர்ன் அவுட்' ஒரு நோயாக அல்ல, வேலையிடத்தைச் சார்ந்த நிலையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. இது முக்கியமான விஷயம். பழுதை ஆளிடம் மட்டும் தேடாதே, வேலை நடக்கிற இடத்தையும் பார் என்பதே இதன் பொருள்.

தில்லி கண்டது

2021 ஏப்ரல், மே மாதங்களை நாம் மறக்க முடியாது. அரசுக் கணக்கிலேயே ஒரே நாளில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை நிகம்போத் காட்டுக்கும் பிற மயானங்களுக்கும் கொண்டுபோனவர்களில் தொண்டர்கள் பலர். தெருத் தெருவாகப் போன ஆஷா பணியாளர்களும் நம்மைப் போல் பயம் உள்ளவர்கள்தான். 2022ல் இந்தியாவின் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆஷாக்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. ஆனால் 2005ல் அத்திட்டம் தொடங்கிய நாள் முதல் அவர்களுக்குப் பெயர் 'தன்னார்வலர்'. கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. மாலை போட்டோம், சரி. மனச்சுமையை இறக்கிவைக்க இடம் கொடுத்தோமா?

கணக்கில் வராத தேய்மானம்

ஒரு சிறு அறக்கட்டளைக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுண்டு. அதன் ஐந்தொகையில் வண்டிக்குத் தேய்மானம் உண்டு, கம்ப்யூட்டருக்கு உண்டு, நாற்காலிக்கும் உண்டு. குழந்தைகளைக் கவனிக்கும் பெண்களுக்கு மட்டும் அப்படி ஒரு வரி கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருவர் "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவரிடம் ஒட்டிக்கொண்ட குழந்தை மறுபடியும் அநாதை ஆகிவிடும். பணியாளரின் மனம் தேய்ந்தால் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் சமண மரபில் அகத்தவம் ஆறு. அவற்றுள் ஒன்று வையாவிருத்தியம், அதாவது பணிவிடை. தியானத்துக்கும் நூல் ஓதுதலுக்கும் சமமாக வைத்து எண்ணப்படுவது. யாருக்குப் பணிவிடை என்று தத்துவார்த்த சூத்திரம் பத்துப் பேரைச் சொல்கிறது. நோயுற்றவர் அதில் உண்டு. ஆசாரியரும், ஓதுவிப்பவரும், கடுந்தவம் செய்பவரும், புதிதாகச் சேர்ந்த மாணாக்கரும்கூட உண்டு. எல்லாவற்றையும் துறந்த தவசிக்கே பணிவிடை வேண்டும் என்றால், குடும்பமும் வாடகையும் பஸ் நெரிசலும் உள்ள ஒரு சமூகப்பணியாளருக்கு வேண்டாமா?

செய்யக்கூடியவை

1953ல் லண்டனில் தோன்றிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பில் ஒரு நல்ல வழக்கம். துயரப்பட்டவரின் தொலைபேசி அழைப்பைக் கேட்ட தொண்டர், முறை முடிந்ததும் மூத்தவர் ஒருவரிடம் மனதில் தங்கியதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அளவான வேலை, நேரத்துக்குச் சம்பளம், வாரத்தில் ஒரு முழு விடுமுறை, மூத்தவரிடம் பேச ஒரு மணி நேரம் – இவை இருந்தால் பாதிச் சுமை குறையும்.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. சமூகப்பணியாளர் தம்மிடம் வந்தவர்களின் கதையை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே மகளிடம் "இன்னைக்கு என்ன கேஸ்?" என்று துருவ வேண்டாம். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்கள், போதும். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, தமிழிலும் பேசலாம். தில்ஷாத் கார்டனில் 'இபாஸ்' மனநல மருத்துவமனை இருக்கிறது. போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நம் தமிழர் அமைப்புகளும் மருத்துவ முகாம், வெள்ள நிவாரணம் என்று நிறையச் செய்கின்றன. அடுத்த ஆண்டு வரவு செலவில் 'தொண்டர் நலன்' என்று ஒரு தலைப்புப் போட்டு, சிறு தொகையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். மற்ற தேய்மானங்களை எழுதும் பேனாவே இதற்கும் போதும்.