நகரமன்றம் போரை நிறுத்தச் சொல்லலாமா?

சாலை போடுவது, குடிநீர் வழங்குவது, குப்பை அகற்றுவது: இவைதாம் ஒரு நகரமன்றத்தின் பணிகள். கடல் கடந்து நடக்கும் போரைப் பற்றி அது ஏன் பேச வேண்டும்? நம்மில் பலருக்கு இக்கேள்வி எழலாம். ஈராக் போரின்போது அமெரிக்க நகரங்களில் நடந்தவை விடை தேட நமக்கு உதவுகின்றன.

2003 ஜனவரி 16 அன்று, போர் தொடங்க இரண்டு மாதங்கள் இருக்கையில், ஈராக் மீது முந்திக்கொண்டு படையெடுப்பதை எதிர்த்துச் சிக்காகோ நகரமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக 46 வாக்குகள், எதிராக ஒன்றே ஒன்று. போர் தொடங்குமுன் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களும் உள்ளாட்சிகளும் இவ்வாறு குரல் எழுப்பின. திருச்சபையின் குரலும் இதே திசையில்தான் ஒலித்தது. அமெரிக்க ஆயர் பேரவையின் அன்றைய தலைவர் ஆயர் வில்டன் கிரகரி, 2002 செப்டம்பரிலேயே அதிபர் புஷ்ஷுக்குத் தம் கவலையை எழுதினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 மார்ச்சில் கர்தினால் பியோ லாகியைத் தம் தூதராக அதிபரிடம் அனுப்பினார். ஆயினும் அதே மாதத்தில் போர் தொடங்கிவிட்டது.

அதன்பின் ஊர்களின் கோரிக்கை மாறியது. 'தொடங்காதீர்' என்றவர்கள் 'முடித்துவிடுங்கள்' என்றார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் மக்கள் நேரில் கூடி ஊர்க் கணக்கையும் வரியையும் முடிவு செய்வது பழைய வழக்கம். 2005 மார்ச் 1 அன்று கூடிய அக்கூட்டங்களில் ஏறக்குறைய 50 ஊர்கள் ஈராக் போரையும் விவாதித்தன. பெரும்பாலானவை படையினரைத் திரும்ப அழைக்கக் கோரின. காரணம் எளிது. தேசியக் காவல் படையினர் முழுநேரப் படைவீரர் அல்லர். ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள். வெள்ளமோ புயலோ வந்தால் உதவிக்கு ஓடி வருபவர்கள். அவர்கள் ஈராக்குக்குப் போனபோது வீட்டில் ஓர் இடம் வெறுமையானது; ஊருக்கும் ஒரு கை குறைந்தது.

அடுத்த காரணம் பணம். 2011 ஜூனில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க மேயர்கள் மாநாடு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களை விரைந்து முடித்து, அவற்றுக்கு ஆண்டுதோறும் செலவாகும் 12,600 கோடி டாலரை உள்நாட்டுத் தேவைகளுக்குத் திருப்புமாறு கேட்டது. வியட்நாம் போர்க் காலமான 1971க்குப் பின் அம்மாநாடு இப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பள்ளிக்கும் பாலத்துக்கும் நிதியின்றித் தவிப்பவர் மேயர்தானே?

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. நகரமன்றத் தீர்மானம் ஒரு படைவீரரைக்கூடத் திருப்பி அழைக்க இயலாது. மேலும், அது ஊரையே பிளக்கக்கூடும். 2024 ஜனவரி 31 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் அதே சிக்காகோ மன்றத்தில் 23க்கு 23 எனச் சமமாக நின்றது. மேயர் பிராண்டன் ஜான்சன் அளித்த வாக்கினால்தான் அது நிறைவேறியது. தொலைவில் நடக்கும் போர் அண்டை வீட்டாரிடையேயும் காயம் உண்டாக்கும் என்பதற்கு இது சான்று.

அப்படியானால் பயன் என்ன? அமெரிக்கப் படைகள் ஈராக்கிலிருந்து வெளியேற 2011 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் ஏறக்குறைய 4,500 அமெரிக்கப் படையினரும், ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஈராக்கியப் பொதுமக்களும் மடிந்தனர். தீர்மானங்கள் அவர்களைக் காப்பாற்றவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை மற்றொன்றைச் செய்தன. போர் என்பது தலைநகரில் சிலர் மட்டும் பேசி முடிக்கும் காரியம் அன்று. பிள்ளையை அனுப்புகிறவரும் வரி கட்டுகிறவரும் கேள்வி கேட்கலாம் என்று நினைவூட்டின. பெயர் சொல்லி, கை உயர்த்தி, பதிவேட்டில் நிற்கும்படி வாக்களிக்கச் செய்தன.

ஆகவே, சிறிய மன்றம் பெரிய போரைப் பற்றிப் பேசுவது வரம்பு மீறலன்று. தன் மக்களின் துயரை அது அறிந்து பேசும்போது, எதிர்க்கருத்து உடையவரையும் அமர்ந்து கேட்கும்போது, அதன் சொல்லுக்கு எடை கூடுகிறது. போரை நிறுத்தும் அதிகாரம் நம்மில் எவருக்கும் இல்லாதிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் கடமை நம் எல்லாருக்கும் உண்டு.