உங்களுக்குத் தெரிகிறது, ஊருக்குத் தெரியவில்லையா?

சொந்தமாக வெப்சைட் அமைக்கத் தொடங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நான் பட்ட பாட்டை முதலில் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு சர்வரில் ஏற்றினேன். கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, சேலைப் படம் ஒண்ணுமே தெரியலையே?" என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எல்லாப் படங்களும் பளிச்சென்று தெரிந்தன. "உங்க இன்டர்நெட் ஸ்லோவா இருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

வெப்சைட்டை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க எக்ஸாம்ப் போன்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அப்போது முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கும். அதன் எண் 127.0.0.1. "இதே கம்ப்யூட்டர்" என்பதுதான் அதன் பொருள். படங்களின் முகவரியில் நான் அதையே எழுதியிருந்தேன். எக்ஸாம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குப் படங்கள் என் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே வந்தன. அண்ணாச்சியின் பிரவுசரோ சேலையை அவருடைய கம்ப்யூட்டரில் தேடியது. எப்படிக் கிடைக்கும்?

ராத்திரி 1 மணி வரை உட்கார்ந்து 14 ஃபைல்களில் முகவரியை மாற்றினேன். அடுத்த வாரம் ஒரு சின்னத் திருத்தம் செய்து ஏற்றினேன். பழைய முகவரியும் கூடவே போய்விட்டது!

இடத்துக்கு இடம் மாறும் விவரங்களைப் புரோகிராமுக்குள் எழுதவே கூடாது. வெப்சைட் முகவரி, எரர் செய்திகளைத் திரையில் காட்டலாமா என்பது போன்றவற்றைத் தனி செட்டிங்ஸ் ஃபைலில் வையுங்கள். வீட்டுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று. "இது எந்த இடம்?" என்ற ஒரே குறிப்பை மட்டும் அந்தந்தக் கம்ப்யூட்டரில் என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்துவிட்டால், புரோகிராம் அதைப் படித்து உரிய ஃபைலை எடுத்துக்கொள்ளும். இரண்டு ஃபைல்களையும் சேர்த்தே ஏற்றலாம், குழப்பம் வராது.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோருக்கு 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இந்தக் குறிப்புக்குத் தனி வசதி உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், "இது பொதுமக்கள் பார்க்கும் இடம்" என்றே அது எடுத்துக்கொள்ளும். நல்ல முடிவுதான். மறதி நமக்குச் சொந்தமாயிற்றே!

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் இந்த ஃபைல்களில் எழுதாதீர்கள். இவற்றை நண்பருக்குத் தயங்காமல் அனுப்ப முடிய வேண்டும்.

சர்வரில் ஏற்றியதும் எக்ஸாம்ப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அல்லது மொபைலில் திறந்து பாருங்கள். அண்ணாச்சி போன் செய்வதற்குள் தெரிந்துவிடும்.