உங்களுக்குத் தெரியுமா? கற்றாழை ஜூஸுக்குள் இத்தனை சங்கதி!

சோற்றுக்கற்றாழை மடலைப் பிளந்தால் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு சோறு. அதில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர்! மிச்சம் இருப்பது ஒரே ஒரு சதவீதம். உலகம் முழுக்கக் கற்றாழைக்குப் பின்னால் அலைவது அந்த ஒரு சதவீதத்துக்குத்தான்!

ஜூஸ் போட ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்! கெட்டியாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அத்தனையும் நீராக ஓடும்!

வாசலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறோமே, திருஷ்டிக் கற்றாழை? மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் குருத்து விடுகிறது, சில வீடுகளில் பூவே பூக்கிறது! இது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தீர்களா? எகிப்திலும் உண்டு! கெய்ரோவில் புது வீட்டு வாசலில் கற்றாழை கட்டுவதை எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் 1836-லேயே எழுதிவிட்டார். மண்ணும் நீரும் இல்லாமல் அது பல ஆண்டு உயிரோடிருக்கும், பூக்கவும் செய்யும் என்று அவரும் வியந்திருக்கிறார்!

அந்தச் செடியின் சூட்சுமம் என்ன தெரியுமா? பகலில் மடலின் துளைகளை இறுக மூடிக்கொள்கிறது. வெயில் தாழ்ந்து இருட்டிய பிறகுதான் திறக்கிறது! ராத்திரி முழுக்க கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமிக்கிறது. அதனால் மடலின் பச்சைப் பகுதியில் விடியற்காலையில் அமிலம் அதிகம், சாயங்காலம் குறைவு. ஒரே செடி, ஒரே மடல்!

ஜூஸுக்கு எந்த மடலை வெட்டுவது? அடியில், வெளிப்பக்கம் விரிந்து கிடப்பதை! அதுதான் செடியிலேயே மூத்தது, சதை பிடித்தது. நடுக்குருத்தில் கை வைக்காதீர்கள். வெள்ளைப் புள்ளி போட்ட சின்னக் கன்றையும் விட்டுவிடுங்கள். வளர வளரப் பெரும்பாலும் அந்தப் புள்ளி மறைந்துவிடும். அப்போது வெட்டினால் போதும்!

வேலியோரம் ஆளுயரம் நிற்கும் ஆனைக்கற்றாழை பக்கம் போகவே போகாதீர்கள்! பெயரில்தான் கற்றாழை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, குடும்பமே வேறு. அதன் சாறு பட்டாலே தோல் எரியும்!

சோற்றுக்கற்றாழை கள்ளி இனமும் இல்லை. தாவரவியல் வரிசைப்படி அதன் தூரத்துச் சொந்தம் யார் தெரியுமா? உங்கள் அடுப்படியில் இருக்கும் வெங்காயமும் பூண்டும்!

இப்போது மடலை வெட்டுங்கள். வெட்டுவாயில் மஞ்சளாகக் கசிகிறதா? கற்றாழை ஜூஸின் மொத்த வித்தையும் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது! ஒரே மடலுக்குள் இரண்டு மருந்து. தோலை ஒட்டிய குழாய்களில் நாக்கைச் சுருட்டும் கசப்புப் பால். அதற்கு உள்ளே ருசியே இல்லாத சோறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதோ மெல்லிய எல்லை!

அந்தப் பாலில் இருப்பது அலோயின். சரியான பேதி மருந்து! கற்றாழைப் பால் சேர்த்த பேதி மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2002-இல் கடைகளிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டது!

இன்னொன்றையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கற்றாழையின் முழு மடல் சாற்றை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது! தோலும் பாலும் சேர்ந்த சாறு அது. தோலோடு மிக்ஸியில் போட்டு அரைக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்!

பாட்டில் ஜூஸுக்கு முத்திரை கொடுக்கும் பன்னாட்டுக் கற்றாழை அறிவியல் கவுன்சில் எவ்வளவு அலோயின் வரை விடுகிறது? பத்து லட்சம் பங்கில் வெறும் 10 பங்கு! அதைத் தாண்டினால் முத்திரை கிடையாது!

சரி, வீட்டில் அந்தப் பாலை எப்படி வெளியேற்றுவது? ரொம்ப சுலபம். வெட்டுவாய் கீழே இருக்கும்படி மடலை ஒரு டம்ளரில் நிறுத்துங்கள். 15 நிமிடம். பொறுமை இருந்தால் அரை மணி நேரம். டம்ளரின் அடியைப் பாருங்கள். மஞ்சளாக வடிந்தது கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக மாறியிருக்கும்!

பிறகு இரண்டு பக்க முள்ளையும் சீவி, தட்டைப் பக்கத்துத் தோலை எடுங்கள். கத்தி வழுக்கும், கவனம்! ஸ்பூனால் தோலை ஒட்ட ஒட்டச் சுரண்டுவது கூடாது. பால் தங்கும் இடமே அதுதான். தோலோடு கொஞ்சம் சோறு போனால் போகட்டும். கசப்பு வருவதைவிட அது மேல்!

துண்டு போட்டாயிற்றா? இனி ஏழு தண்ணீர்! நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கணக்கு இது. முதல் தண்ணீர் மஞ்சளாக வரும். அடுத்தடுத்த தண்ணீரில் கொழகொழப்பு குறையும். ஏழாவது தண்ணீர் பளிச்சென்று நிற்கும்! அப்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் எட்டாவது தண்ணீர் விட வேண்டியதுதான்!

மிக்ஸியே இல்லாமல் சோற்றை நீராக்க முடியும் தெரியுமா? அதன்மேல் கடுக்காய்த்தூளைத் தூவி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே நீர் பிரிந்து நிற்கும்! படிகாரத் தூளுக்கும் இதே வேலை. மின்சாரம் வராத காலத்து நாட்டு மருந்து உத்தி அது! படிகாரம் போட்டது மேல்பூச்சுக்குத்தான், குடிக்க அல்ல.

குடிக்க வேண்டுமானால் மோர்தான் ராஜா! கழுவிய சோறு இரண்டு ஸ்பூன், ஒரு டம்ளர் மோர், சின்ன இஞ்சித் துண்டு, இரண்டு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், உப்பு. அவ்வளவுதான்! அரைத்ததும் நுரை பொங்கும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் அடங்கிவிடும். இனிப்பாக வேண்டுமா? நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும்! சோற்றுக்கென்று தனி ருசி இல்லாததால் எதோடு சேர்த்தாலும் சேரும்!

அந்த எலுமிச்சை ருசிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்! அரைத்த சோறு காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்கும். பெரிய தொழிற்சாலைகள் அதைத் தடுக்க என்ன போடுகின்றன? சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி. இரண்டுமே உங்கள் எலுமிச்சம்பழத்தில் இருக்கின்றன! அப்படியும் அன்றன்று அரைத்து அன்றன்று குடிப்பதே உத்தமம்.

கற்றாழைச் சோறு தானாகவே லேசான அமிலம். பி.எச். அளவு ஏறத்தாழ 4.5. தக்காளிச் சாற்றுக்குப் பக்கத்தில்!

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் குடிக்கவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிடலாம்!

வடித்துக் கொட்டினோமே, அந்த மஞ்சள் பால்? காய்ந்தால் அதுதான் மூசாம்பரம்! கரியபோளம் என்று நாட்டு மருந்துக் கடையில் கறுப்புக் கட்டியாகக் கிடைப்பதும் அதுவே. முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துச் சுளுக்குக்குப் பற்றுப் போடுவார்கள். காயத்துக்குத் தடவும் காம்பவுண்ட் டிஞ்சர் பென்சாயினிலும் மூசாம்பரம் உண்டு!

அந்தப் பாலை விற்றே பெயர் வாங்கியது ஒரு தீவு! கரீபியன் கடலில் உள்ள அரூபா. கற்றாழை அங்கே 1840 வாக்கில் போய்ச் சேர்ந்தது. பிறகு தீவின் பெரும்பகுதியும் கற்றாழைக் காடு! இன்றைக்கும் அரூபாவின் அரசுச் சின்னத்தில் ஒரு கற்றாழைச் செடி நிற்கிறது!

பாட்டில் லேபிளில் கற்றாழையின் அறிவியல் பெயராக ‘பார்படென்சிஸ் மில்லர்’ என்று பார்த்திருப்பீர்கள். தாவரவியலாளர் பிலிப் மில்லர் அந்தப் பெயரை அச்சிட்டது 1768 ஏப்ரலில். அதே மாதம், சில நாள் முன்பே, நிக்கோலாஸ் பர்மன் ‘அலோ வேரா’ என்று அச்சிட்டு முந்திக்கொண்டார்! முந்தியவர் பெயர்தான் அறிவியலில் செல்லும். ஆனாலும் பாட்டில்களில் இன்றுவரை மில்லர்!

1935-இல் அமெரிக்க டாக்டர்கள் கிரெஸ்டன் காலின்ஸும் கேரல் காலின்ஸும் ஒரு சிகிச்சையை எழுதி வெளியிட்டார்கள். எக்ஸ்ரே கதிரால் வெந்துபோன தோலுக்குப் பச்சைக் கற்றாழை மடல்! நவீன மருத்துவ உலகம் கற்றாழைச் சோற்றைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் கற்றாழை மருந்து ஏறியதோ கி.மு. 1550 வாக்கில்!

ஜப்பானில் தயிருக்குள்ளேயே கற்றாழைத் துண்டு போட்டு விற்கிறார்கள்! மொரினாகா நிறுவனம் 1994-இல் ஆரம்பித்து வைத்தது. நம் கற்றாழை மோருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி!

ராஜஸ்தானில் கற்றாழையைப் பொரியலாகவும் ஊறுகாயாகவும் சாப்பிடுகிறார்கள். லட்டுகூட உண்டு!

அதே ராஜஸ்தானில் பிப்லாந்த்ரி என்று ஒரு கிராமம். பெண் குழந்தை பிறந்தால் ஊரே கூடி 111 மரக்கன்று நடும்! கன்றைக் கரையான் அரிக்காமலிருக்கச் சுற்றிலும் கற்றாழை வைத்தார்கள். அது பக்கக் கன்று விட்டுப் பெருகிக்கொண்டே போனது. ஊர்ப் பெண்கள் அதில் ஜூஸும் ஜெல்லும் போட்டு விற்கக் கற்றுக்கொண்டார்கள். அங்கே நட்ட கற்றாழை மட்டும் எவ்வளவு தெரியுமா? 25 லட்சத்துக்கும் மேல்!