சொந்தமா ஒரு தபால் ஆபீஸ்!

வீட்டுக்குள்ளே வெச்சிருந்த ஒரு மெயில் சர்வர், அமெரிக்க அதிபர் தேர்தலையே ஆட்டிப் பார்த்த கதை தெரியுமா? ஹிலாரி கிளின்டன் 2009 முதல் 2013 வரை வெளியுறவு அமைச்சரா இருந்தப்போ, அரசாங்க மெயிலைத் தொடாம சப்பாக்வா ஊரில் இருந்த தன் வீட்டு சர்வர் வழியாத்தான் கடிதப் போக்குவரத்து நடத்தினார். 2015-ல் விஷயம் வெளியே வந்துச்சு. 2016 தேர்தல் முடியும் வரை அவரை விடாமல் துரத்துச்சு!

'நமக்கெதுக்குப்பா அந்த வம்பு?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். மெயில் சர்வர் வைக்கிறது ராஜாங்க ரகசியம் எல்லாம் இல்லை. ஒரு டொமைன், மாச வாடகைக்கு ஒரு குட்டி லினக்ஸ் சர்வர், நாலு நாள் பொறுமை... இவ்வளவு இருந்தா உங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷனுக்கே தனி தபால் ஆபீஸ் திறந்துடலாம். டி.என்.எஸ், என்க்ரிப்ஷன், லாக் படிக்கிறதுன்னு சிலபஸ்ல நாலு பேப்பர்ல சிதறிக் கிடக்குற சமாச்சாரம் எல்லாம் ஒரே இடத்துல கைக்கு வரும். லினக்ஸ் அட்மின் வேலைக்கான இன்டர்வியூவில் 'நான் மெயில் சர்வர் நடத்துறேன்'னு சொல்லிப் பாருங்க. எதிரே இருக்குறவர் நிமிர்ந்து உட்காருவார்!

போஸ்ட்மேனும் லாக்கரும்

மெயில் சர்வர்ங்கிறது ஒரே ஆள் இல்லை, ரெண்டு பேர் கூட்டணி. ஒருத்தர் போஸ்ட்மேன். ஊர் ஊரா கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுக்கிறதும், வர்ற கடிதத்தை வாங்குறதும் இவர் வேலை. இன்னொருத்தர், வந்த கடிதத்தை லாக்கரில் பூட்டி வெச்சு, பாஸ்வேர்டு சொன்னா மட்டும் எடுத்துக் கொடுக்கிறவர்.

போஸ்ட்மேன் வேலைக்கு போஸ்ட்ஃபிக்ஸ். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தப்போ வீட்ஸே வெனிமா எழுதி, 1998-ல் வெளிவந்தது. அதுக்கு முன்னாடி கொடிகட்டிப் பறந்தது சென்ட்மெயில். 1988-ல் இன்டர்நெட்டைக் கலங்கடிச்ச மாரிஸ் புழு, அந்த சென்ட்மெயிலில் இருந்த ஓட்டை வழியாவும் உள்ளே புகுந்தது. அதனாலதான் போஸ்ட்ஃபிக்ஸ், வேலையைச் சின்னச் சின்ன புரோகிராம்களாப் பிரிச்சுக் கொடுத்திருக்கு. ஒண்ணு விழுந்தாலும் மொத்தமும் கவிழாது. லாக்கர் வேலைக்கு டவ்காட்.

இவங்க நிற்கிற வாசல்களை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க. சர்வரும் சர்வரும் பேசிக்கிறது போர்ட் 25. நீங்க மெயிலைக் கொடுத்தனுப்புறது 587 அல்லது 465. பாதுகாப்பா எடுத்துப் படிக்கிறது 993.

காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: 'போர்ட் 25 திறந்து தருவீங்களா?' ஸ்பாம் தொல்லைக்குப் பயந்து பல கிளவுட் கம்பெனிகள் இதைப் பூட்டியே வெச்சிருக்காங்க. வீட்டு பிராட்பேண்டிலும் பெரும்பாலும் இதே கதைதான். அப்படியே கையோட, கிடைக்கிற ஐ.பி. எண் ஸ்பாம்ஹவுஸ் மாதிரி கறுப்புப் பட்டியலில் இருக்கான்னும் பாருங்க. முன்னாடி குடியிருந்தவர் வெச்ச கடனுக்கு உங்க வீட்டுக் கதவைத் தட்டுற கதை இங்கேயும் உண்டு!

அஞ்சு சான்றிதழ்

இன்ஸ்டால் பண்றது அரை நாள் வேலை. நீங்க யார்னு ஊருக்கு நிரூபிக்கிறதுதான் பெரும்பாடு. எல்லாமே டி.என்.எஸ். வேலை.

எம்.எக்ஸ்: 'எங்க டொமைனுக்கு வர்ற கடிதத்தை இந்த சர்வர்ல கொடுங்க'ங்கிற முகவரிப் பலகை. இதில் சர்வரோட பெயரைத்தான் எழுதணும். ஐ.பி. எண்ணை எழுதினா செல்லாது.

பி.டி.ஆர்: ஐ.பி. எண்ணைச் சொன்னா பெயரைச் சொல்ற ரிவர்ஸ் பதிவு. இதை டொமைன் வாங்கின இடத்தில் தேடாதீங்க. சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்கிட்டதான் இருக்கும். சர்வர் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகம் பண்ணிக்குதோ, அதே பெயர் இங்கேயும் இருக்கணும்.

எஸ்.பி.எஃப்: ஹாஸ்டல் வாட்ச்மேன் கையில் இருக்குற லிஸ்ட் மாதிரி. 'எங்க பேர்ல மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி.' ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான். ரெண்டு போட்டா ரெண்டுமே செல்லாது.

டிகிம்: அந்தக் கால அரக்கு முத்திரை. ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் ரகசியச் சாவியால் கையெழுத்து போடும். அதைச் சரிபார்க்கிற பொதுச் சாவி டி.என்.எஸ்-ல் இருக்கும். வழியில் யாராவது கடிதத்தைத் திருத்தினா முத்திரை உடைஞ்சிடும். போஸ்ட்ஃபிக்ஸ் தானா கையெழுத்து போடாது. ஓபன்டிகிம் அல்லது ஆர்ஸ்பாம்டியைத் துணைக்குச் சேர்த்துக்கணும்.

டிமார்க்: 'எங்க பேரைச் சொல்லிப் போலி ஆள் வந்தா என்ன பண்ணணும்'ங்கிற உத்தரவு. முதல்ல 'நன்'னு வெச்சு ரிப்போர்ட்டைக் கவனிங்க. எல்லாம் சரியா இருந்தா 'குவாரன்டைன்', அப்புறம் 'ரிஜெக்ட்'. எடுத்த எடுப்பிலேயே ரிஜெக்ட் போட்டா, உங்க சொந்தக் கடிதமே குப்பைக்குப் போகலாம்.

இதெல்லாம் சும்மா அலங்காரம் இல்லைங்க. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கண்டிப்பு காட்டுறாங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினா எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் மூணுமே கட்டாயம். குறைவா அனுப்பினாலும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம், கூடவே சரியான பி.டி.ஆர். இருக்கணும்.

லாக் பொய் சொல்லாது!

மெயில் போகலையா? கூகுளில் தேடி, கண்ணில் படுற கட்டளையை எல்லாம் அடிக்காதீங்க. முதல்ல லாக்கைத் திறங்க. 'மெயில்க்யூ'ன்னு அடிச்சா தேங்கிக் கிடக்குற கடிதங்கள் வரிசையா வரும். பக்கத்திலேயே காரணமும் இருக்கும்.

பதில் எண் 4-ல் ஆரம்பிச்சா 'இப்ப முடியாது, அப்புறம் வா'. 5-ல் ஆரம்பிச்சா 'வராதே'! 4-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். புது ஆளை வேணும்னே திருப்பி அனுப்பிப் பார்க்கிற கிரேலிஸ்டிங் தந்திரமா இருக்கலாம். ஒழுங்கான போஸ்ட்மேன் திரும்ப வருவார், ஸ்பாம் பார்ட்டி பெரும்பாலும் வராதுங்கிறது கணக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் சளைக்காம 5 நாள் முயற்சி பண்ணும்.

மெயில் வருது, ஆனா வெளியே போகாம 'டைம்டு அவுட்'னு நிக்குதா? போர்ட் 25 பூட்டியிருக்கு. '535'? பாஸ்வேர்டு தப்பு, இல்லேன்னா போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் பேசிக்கலை. '554 ரிலே அக்சஸ் டினைடு'? நீங்க லாகின் பண்ணாம அனுப்பப் பார்க்கறீங்க. உங்களுக்கு வர்ற மெயிலுக்கே இந்தப் பதில்னா, இது நம்ம டொமைன்தான்னு போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லிக் கொடுக்கலைன்னு அர்த்தம்.

எல்லாம் போகுது, ஆனா ஸ்பாம் பெட்டியில் விழுதா? உங்க ஜிமெயிலுக்கே ஒண்ணு அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' அமுக்குங்க. எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் மூணுக்கும் பாஸா ஃபெயிலான்னு மார்க் ஷீட்டே கிடைக்கும். மூணும் பாஸ் ஆகியும் ஸ்பாம்னா, புது ஐ.பி. மேல இன்னும் நம்பிக்கை வரலை. கொஞ்சம் கொஞ்சமா அனுப்பித்தான் நல்ல பேர் வாங்கணும். வேற குறுக்கு வழி இல்லை.

திறந்த வீட்டில்...

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 'ரிலே அக்சஸ் டினைடு' எரிச்சலா இருக்குன்னு, 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் உலகத்துக்கே அனுமதி கொடுத்துட்டா உங்க சர்வர் ஓபன் ரிலே. ஸ்பாம் கும்பல் மோப்பம் பிடிச்சு வந்துடும். அசோசியேஷன் செக்ரட்டரி '123456'னு பாஸ்வேர்டு வெச்சிருந்தாலும் இதே கதிதான். ராத்திரியோட ராத்திரியா ஆயிரக்கணக்கான மோசடி மெயில் உங்க பேரில் பறக்கும். யாரோ ஒரு அப்பாவி அதை நம்பிப் பணத்தைத் தொலைப்பார். உங்க ஐ.பி. கறுப்புப் பட்டியலில் ஏறும். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாப் போடுற ஆளை வெளியே தள்ளுற ஃபெயில்டுபேன், லெட்ஸ் என்க்ரிப்ட் தர்ற இலவச சான்றிதழ், அது காலாவதி ஆகாம தானாப் புதுப்பிக்கிற ஏற்பாடு, வாரா வாரம் பேக்கப்... இது நாலும் இல்லாம கடையைத் திறக்காதீங்க.

அதே மாதிரி, கேம்பஸ் இன்டர்வியூ ரெஸ்யூமை முதல் நாளே இதில் அனுப்பாதீங்க. செமஸ்டர் முழுக்க சிம்போசியம் அறிவிப்பு, ஃப்ரெண்ட்ஸ் அரட்டைன்னு ஓட்டிப் பாருங்க. சர்வர் படுத்தா எழுப்ப, உங்களைத் தவிர இன்னும் ஒரு ஜூனியரையாவது தயார் பண்ணுங்க. நீங்க டிகிரி வாங்கிட்டுக் கிளம்பின பிறகும் தபால் ஆபீஸ் நடக்கணுமே!

கடிதத்தை யாராவது சுமந்துக்கிட்டு வந்துதான் கொடுக்கறாங்க. அது எந்த வழியா வருது, யார் கையில் நிக்குது, எதனால திரும்புதுன்னு தெரிஞ்சுக்கறதே பெரிய படிப்பு. டொமைன் பேர் யோசிச்சாச்சா?